பள்ளிப் பயிற்சிக்குப் போகிறீர்களா? எல்லாப் பிள்ளைகளும் இருக்கும் வகுப்பில் முதல் சில வாரங்கள்

ஆசிரியர் படிப்பு படிக்கும்போது நான் முதன்முதலாகப் பள்ளிப் பயிற்சிக்குப் போன வகுப்பில், முதல் பெஞ்சில் ஜன்னலோரம் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். இரண்டு காதிலும் கருவி. "அவளுக்குக் காது கொஞ்சம் மந்தம், சத்தமாப் பேசுங்க, அது போதும்" என்று சொல்லித்தான் என்னை உள்ளே அனுப்பினார்கள். நானும் தொண்டை வலிக்க வலிக்கப் பேசினேன். பாடம் முடிந்ததும், பின்னால் உட்கார்ந்து கவனித்துக்கொண்டிருந்த வழிகாட்டி ஆசிரியர் ஒரு துண்டுச் சீட்டைக் கொடுத்தார். அதில் 14 என்று மட்டும் எழுதியிருந்தது. என்ன கணக்கு என்று கேட்டேன். நான் கரும்பலகைப் பக்கம் திரும்பி, எழுதிக்கொண்டே பேசிய ஒவ்வொரு முறையும் அந்தப் பெண் பக்கத்தில் இருந்தவளின் நோட்டை எட்டிப் பார்த்திருக்கிறாள், 14 முறை. என் குரல் அவளுக்குக் கேட்டிருக்கிறது, என் வாய்தான் தெரியவில்லை. பாதியைக் காதாலும் மீதியை உதட்டைப் பார்த்தும் பிடிக்கிறவளுக்கு நான் முதுகைக் காட்டிக்கொண்டு பாடம் நடத்தியிருக்கிறேன்.

அந்தச் சீட்டை வைத்துத்தான் இந்தக் கட்டுரையே. ஒரு பிள்ளை பாடத்திலிருந்து நழுவினால், அது எந்த நிமிஷம், அப்போது நான் என்ன செய்துகொண்டிருந்தேன் என்று பார்க்கப் பழகுவதுதான் பயிற்சிக் காலத்தின் பெரிய வேலை. குறைபாடுகளின் பெயர், வகைகள், பரீட்சைக்காக மனப்பாடம் செய்த பட்டியல் எல்லாம் அதற்கு அப்புறம்தான்.

எல்லாப் பிள்ளைகளையும் ஒரே வகுப்பில் வைத்துப் படிக்க வைப்பது யாருடைய நல்ல மனசையும் நம்பி நடக்கிற காரியம் இல்லை என்பதையும் ஆரம்பத்திலேயே சொல்லிவிடுகிறேன். 1994-ல் ஸ்பெயினின் சாலமன்கா நகரில் நடந்த சிறப்புக் கல்வி மாநாட்டில் 92 அரசுகளின் பிரதிநிதிகள் கூடி, எல்லாக் குழந்தைகளும் சாதாரணப் பள்ளிக்கே வர வேண்டும், பள்ளிதான் அவர்களுக்கு ஏற்ப மாற வேண்டும் என்று அறிவித்தார்கள். 2006-ல் ஐ.நா. ஏற்றுக்கொண்ட மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையின் 24-வது பிரிவு இதை உரிமையாகவே எழுதிவைத்தது, ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுப்பதும் அதே பிரிவில் வருகிறது. ஆக, உங்கள் வகுப்பில் இருக்கிற பிள்ளை அங்கே விருந்தாளி இல்லை.

போவதற்கு முன்னால்

எந்த வகுப்பு, எத்தனை வாரம், வழிகாட்டி ஆசிரியர் யார் என்பதைக் கல்லூரியிலேயே கேட்டு வாங்கிவிடுங்கள். பள்ளிக்குப் போனதும் எல்லாரும் கேட்கிற முதல் கேள்வி, "இந்த கிளாஸ்ல ஸ்பெஷல் பசங்க யாராவது இருக்காங்களா?" என்பது. அதைக் கேட்காதீர்கள். கேட்டால் ஒரு பெயர்ப் பட்டியல் வரும், அந்தப் பட்டியலோடு உள்ளே நுழைந்தால் உங்கள் கண்ணுக்கு அந்த மூன்று பேர்தான் தெரிவார்கள், பட்டியலில் இல்லாமல் தவிக்கிற நாலாவது ஆள் தெரியவே மாட்டான். அதற்குப் பதிலாக, "இந்த வகுப்பில் யாருக்கு எது செய்தால் உதவியாக இருக்கிறது?" என்று கேட்டுப் பாருங்கள். பதில் வேறு மாதிரி வரும்: அவனை வாசல் பக்கம் உட்கார வைக்காதீங்க, வண்டிச் சத்தம் வந்தா அவ்வளவுதான், அவளுக்குக் கேள்வியை முன்னாடியே கொடுத்துடுங்க, நல்லாச் சொல்லுவா. முதல் நாளிலிருந்தே கைக்கு உதவுகிற தகவல் இதுதான்.

மருத்துவ விவரம் எல்லாவற்றையும் தெரிந்துகொள்ள உங்களுக்கு உரிமையும் இல்லை, தேவையும் இல்லை. ஆனால் அவசரம் வந்தால் என்ன செய்வது என்பது தெரிந்தே ஆக வேண்டும். வலிப்பு வரக்கூடிய பிள்ளை இருக்கிறதா, ஒவ்வாமை இருக்கிறதா, மருந்து எங்கே இருக்கிறது, யாரைக் கூப்பிட வேண்டும். வலிப்பு வந்தால் முதலில் கடிகாரத்தைப் பாருங்கள், சுற்றியுள்ள பெஞ்சு நாற்காலியை நகர்த்துங்கள், தலைக்கு அடியில் மெத்தென்று எதையாவது வையுங்கள், துடிப்பு அடங்கியதும் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். வாயில் எதையும் திணிக்காதீர்கள், கையைக் காலை அமுக்கிப் பிடிக்காதீர்கள். 5 நிமிஷத்துக்கு மேல் போனால் ஆம்புலன்ஸ். அந்தப் பிள்ளைக்கென்று பள்ளியில் தனித் திட்டம் எழுதி வைத்திருந்தால், அதில் உள்ளபடி செய்யுங்கள்.

ஒரு சின்ன நோட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அதில் எந்தப் பிள்ளையின் பெயரையும் எழுத வேண்டாம், உங்களுக்கு மட்டும் புரிகிற குறியீடு போதும். போட்டோ எடுக்கவே வேண்டாம், வாட்ஸ்அப் குழுவில் "இன்னிக்கு எங்க கிளாஸ்ல ஒருத்தன்" என்று ஆரம்பிக்கிற கதையும் வேண்டாம்.

சில கல்லூரிகளில் இந்தக் கட்டத்தில் கண்ணைக் கட்டிக்கொண்டு நடக்கவிடுகிற பயிற்சி ஒன்று வைப்பார்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. கண்ணைக் கட்டிய முதல் பத்து நிமிஷத்தில் பயமும் பரிதாபமும்தான் வரும், பார்வையில்லாமல் வளர்ந்த ஒருவர் எவ்வளவு லாகவமாக நடமாடுகிறார், படிக்கிறார் என்பது அதில் துளியும் தெரியாது. அந்த நேரத்தில் பார்வையற்ற ஆசிரியர் ஒருவரைக் கூப்பிட்டு உட்கார வைத்துப் பேசச் சொன்னால் புண்ணியமாகப் போகும்.

முதல் வாரம்: சும்மா பாருங்கள்

சும்மா பார்ப்பதுதான் கஷ்டம். நம் கை தானாகத் தீர்ப்பு எழுதும். "கவனமில்லை", "சோம்பேறி", "அடம்". இவை எதுவும் கண்ணால் பார்த்தவை அல்ல, நாமாகப் போட்ட முடிச்சு. கேமரா வைத்திருந்தால் எது பதிவாகுமோ அதை மட்டும் எழுதுங்கள். பக்கத்தை மூன்று பத்தியாகப் பிரித்து, அதற்கு முன் என்ன நடந்தது, பிள்ளை என்ன செய்தது, அதற்கப்புறம் என்ன ஆனது என்று எழுதினால் போதும்.

எங்களோடு பயிற்சியில் இருந்த ஒருத்தி ஒரு பையனைப் பற்றி முதல் நாள், "அடிக்கடி எழுந்து போகிறான், கட்டுப்பாடு இல்லை" என்று எழுதியிருந்தாள். மூன்று பத்தி முறையில் மூன்று நாள் எழுதிய பிறகு அதே நோட்டு இப்படி இருந்தது. திங்கள், கரும்பலகையில் உள்ளதை எழுதச் சொன்னார்கள், தண்ணீர் குடிக்கப் போனான். திங்கள் மதியம், மறுபடி எழுதச் சொன்னார்கள், பென்சில் சீவப் போனான். செவ்வாய், கதை சொன்னார்கள், அரைமணி நேரம் அசையவில்லை. செவ்வாய், பலகையைப் பார்த்து எழுதச் சொன்னார்கள், தண்ணீர். புதன், அதே. இதைப் பார்த்த யாருக்கும் தண்ணீர்தான் பிரச்சினை என்று தோன்றாது. அதே வரிகளைத் தாளில் எழுதி அவன் மேசையிலேயே வைத்தாள், எழுந்து போகாமல் பாதி எழுதினான். தூரத்தில் உள்ளதைப் பார்த்து, நினைவில் பிடித்து, குனிந்து எழுதி, மறுபடி நிமிர்ந்து விட்ட இடத்தைத் தேடுவது அவனுக்குப் பெரும்பாடாக இருந்திருக்கிறது. கண் காரணமா, கை காரணமா, எழுத்தே காரணமா என்று சொல்ல அவளால் முடியாது, அது அவள் வேலையும் இல்லை. ஆனால் நோட்டை வழிகாட்டி ஆசிரியரிடம் காட்டினாள், அவர் முதல் வேலையாகக் கண் பரிசோதனைக்கு ஏற்பாடு செய்தார்.

இன்னொன்று. ஏதாவது ஒரு நாள் பாட வேளைகளை விட்டுவிட்டு ஒரே பிள்ளையின் நாளைப் பின்தொடருங்கள், வாசலில் நுழைவதிலிருந்து கிளம்புவது வரை. அந்தப் பிள்ளைக்குத் தெரியாத மாதிரி, கொஞ்சம் தள்ளி நின்று. இடைவேளையில் யாரோடு நிற்கிறது, கழிப்பறைக்குத் தனியாகப் போக முடிகிறதா, விளையாட்டு நேரத்தில் "நீ ஸ்கோர் எழுது" என்று ஓரமாக உட்கார வைக்கிறார்களா. வகுப்புக்குள் எல்லாம் சரியாக இருந்து, இடைவேளை முழுக்கச் சுவரோரம் நிற்கிற பிள்ளையை நீங்கள் இப்படித்தான் கண்டுபிடிக்க முடியும்.

இரண்டாம் வாரம்: ஒரே ஒரு பழக்கத்தை மாற்றுங்கள்

பாடம் நடத்த ஆரம்பித்ததும் எல்லாவற்றையும் ஒரே நாளில் செய்யத் தோன்றும். வேண்டாம், காத்திருப்பதிலிருந்து ஆரம்பியுங்கள். மேரி பட் ரோ என்ற அமெரிக்கக் கல்வியாளர் 1970-களில் வகுப்பறை ஒலிப்பதிவுகளை வைத்து ஆராய்ந்தார். கேள்வி கேட்டுவிட்டு ஆசிரியர்கள் சராசரியாக ஒரு விநாடிதான் காத்திருக்கிறார்கள் என்று தெரிந்தது. அதை 3 விநாடிக்கு மேல் நீட்டியபோது பதில்கள் நீளமாயின, தானாக முன்வந்து பேசுகிறவர்கள் கூடினார்கள், "தெரியாது" குறைந்தது. கேட்க ரொம்பச் சாதாரணமாக இருக்கும், செய்து பாருங்கள், அந்த மூன்று விநாடி மூன்று நிமிஷமாக நீளும். நான் முதுகுக்குப் பின்னால் விரல் விட்டு எண்ணுவேன். திக்கிப் பேசுகிற பிள்ளை, வீட்டில் வேறு மொழி பேசுகிற பிள்ளை, சைகை மொழிபெயர்ப்பாளர் வழியாகக் கேள்வியை வாங்கிக்கொள்கிற பிள்ளை, இவர்களுக்கு மூன்றும் பத்தாது. அந்த நேரத்தில் வாக்கியத்தை நீங்கள் முடித்துக் கொடுக்காதீர்கள், மற்ற பிள்ளைகளையும் முடிக்க விடாதீர்கள்.

அது பழகிவிட்டால் வாயும் உடம்பும். பேசும்போது வகுப்பைப் பார்த்துப் பேசுங்கள், எழுதும்போது எழுதுங்கள், இரண்டையும் கலக்காதீர்கள். ஜன்னலுக்கு முதுகைக் காட்டி நிற்காதீர்கள், வெளிச்சம் பின்னாலிருந்து வந்தால் முகம் இருட்டாகிவிடும், உதடு தெரியாது. கத்தாதீர்கள், கத்தினால் உதட்டின் அசைவே மாறிவிடும், காதுக் கருவி வகுப்பின் இரைச்சலையும் சேர்த்துத்தான் பெரிதாக்கும். பின் பெஞ்சிலிருந்து யாராவது பதில் சொன்னால் அதை நீங்கள் ஒரு முறை திருப்பிச் சொல்லுங்கள். மொழிபெயர்ப்பாளர் இருந்தால் அவரிடம் "அவகிட்ட சொல்லுங்க" என்று சொல்லாமல் பிள்ளையைப் பார்த்தே பேசுங்கள்.

பார்வை குறைந்த பிள்ளை இருக்கும் வகுப்பில் "இதோ இதை இங்கே கொண்டுவந்தால் இது வரும்" என்று கணக்குப் போட்டால் அந்தப் பிள்ளைக்கு அதில் ஒன்றுமே இல்லை. "இடது பக்கத்து 7-ஐ வலது பக்கம் கொண்டுபோனால் கழித்தல் 7 ஆகும்" என்று எழுதுவதை வாயாலும் சொல்லுங்கள். பிரெயிலில் வேண்டும் என்றால் தாளைப் பல நாள் முன்பே கொடுத்தாக வேண்டும், முந்தின ராத்திரி பாடக்குறிப்பு எழுதுகிற பழக்கம் இங்கே செல்லாது. படத்தில் சிவப்பும் பச்சையும் மட்டும் வித்தியாசம் காட்டுகிற மாதிரி வரையாதீர்கள், நிறம் பிரித்தறியாத பையன்கள் நீங்கள் நினைப்பதைவிட அதிகம், ஐரோப்பிய வம்சாவளி ஆண்களில் ஏறக்குறைய 12-ல் ஒருவருக்கு இது உண்டு. வாசிக்கத் திணறுகிற பிள்ளையை முன்னறிவிப்பு இல்லாமல் எழுப்பி உரக்க வாசிக்கச் சொல்லாதீர்கள். மாறுதல் பிடிக்காத பிள்ளைக்கு இன்று பாட வேளை மாறுகிறது என்பதைக் காலையிலேயே சொல்லிவிடுங்கள். சக்கர நாற்காலியைக் கேட்காமல் தள்ளாதீர்கள், அது அவர் உடம்பின் பகுதி மாதிரி.

பாடக்குறிப்பு எழுதும்போது

புதிதாக வருகிறவர்கள் அதிகம் தடுமாறுகிற இடம் இதுதான். சுமாராகப் படிக்கிறவர்களுக்கு ஒன்று, நன்றாகப் படிக்கிறவர்களுக்கு ஒன்று, "அந்தப் பையனுக்கு" ஒன்று என்று மூன்று பாடக்குறிப்பு எழுதுவார்கள். இரண்டாவது வாரத்துக்குள் நாக்குத் தள்ளிவிடும், அதோடு மூன்றாவது குறிப்பில் பெரும்பாலும் வண்ணம் தீட்டுவதுதான் இருக்கும். எல்லாரும் பின்னம் படிக்கும்போது ஒருவன் மட்டும் யானைக்கு வண்ணம் அடித்துக்கொண்டிருந்தால் அவன் வகுப்பில் இருக்கிறான் என்று எப்படிச் சொல்வது?

குறிக்கோள் ஒன்றே இருக்கட்டும், போகிற வழிகள் பலவாக இருக்கட்டும். உதாரணத்துக்குப் பின்னத்தையே எடுத்துக்கொள்வோம். குறிக்கோள்: அரை, முக்கால் இரண்டில் எது பெரியது, ஏன் என்று சொல்ல வேண்டும். இப்போது உங்களையே கேளுங்கள், இந்தக் குறிக்கோளுக்கு அழகான கையெழுத்து தேவையா? தேவையில்லை. வேகம்? அதுவும் இல்லை. வார்த்தைக் கணக்கை வாசிக்கத் தெரிய வேண்டுமா? இன்றைக்கு வேண்டாம். ஆனால் நாம் வழக்கமாகக் கொடுக்கிற தாளில் இந்த மூன்றும் இருக்கும், மூன்றில் எதிலாவது ஒன்றில் தடுக்கி விழுந்த பிள்ளைக்குப் பின்னம் தெரியாது என்று மதிப்பெண் போட்டுவிடுவோம்.

அதனால் ஒரே நீளமுள்ள காகிதப் பட்டைகளை எல்லாருக்கும் கொடுங்கள். மடிக்கச் சொல்லுங்கள், ஒரு மடிப்பு அரை, இன்னொரு மடிப்பு போட்டுப் பிரித்தால் நாலு கால், அதில் மூன்று. மடிப்பு விரலுக்குத் தட்டுப்படும், பார்க்க முடியாத பிள்ளையும் பக்கத்தில் இருப்பவனும் ஒரே பட்டையை வைத்துச் சண்டை போட முடியும். பதிலை எழுதிக் காட்டலாம், வாயால் சொல்லலாம், இரண்டு பட்டையை ஒன்றின் மேல் ஒன்று வைத்துக் காட்டலாம். காரணம் சொல்ல வேண்டும் என்பது மட்டும் யாருக்கும் தள்ளுபடி இல்லை. செய்ய வேண்டியதை ஒவ்வொரு படியாகச் சொல்லி, பலகையின் ஓரத்தில் அதையே எழுதி விட்டுவிடுங்கள், மறந்தவர்கள் பார்த்துக்கொள்வார்கள். மறக்கிறவர்கள் யார் என்று பார்த்தால் உங்களுக்கே ஆச்சரியமாக இருக்கும்.

பாடப்பொருளைப் பல வழியில் காட்டுவது, தெரிந்ததைப் பல வழியில் வெளிப்படுத்த விடுவது, ஈடுபாட்டைப் பல வழியில் தூண்டுவது என்ற இந்த மூன்றையும் சேர்த்துத்தான் 'எல்லார்க்குமான கற்றல் வடிவமைப்பு' என்று கல்லூரியில் சொல்லிக் கொடுத்திருப்பார்கள். இதை "இவன் பார்த்துக் கற்பவன், இவள் கேட்டுக் கற்பவள்" என்று பிள்ளைகளைப் பிரிக்கிற வழக்கத்தோடு குழப்பிக்கொள்ளாதீர்கள். பிள்ளையின் 'கற்றல் பாணி'க்கு ஏற்ப நடத்தினால் நன்றாகப் படிக்கும் என்பதற்குப் போதிய ஆதாரம் இல்லை, 2008-ல் வந்த உளவியலாளர்களின் ஆய்வுத் தொகுப்பே அதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. பட்டையை எல்லார் கையிலும் கொடுங்கள், யார் கேட்பவன் யார் பார்ப்பவன் என்று பெயர் ஒட்ட வேண்டாம்.

பக்கத்தில் உட்காரும் பெரியவர்

சில வகுப்புகளில் ஒரு பிள்ளைக்கு உதவியாளர் இருப்பார், அல்லது சிறப்பாசிரியர் வாரத்தில் சில நாள் வருவார். அவர் இருந்தால் நமக்கு ஒரு நிம்மதி வந்துவிடும், "அவனை அவங்க பார்த்துக்குவாங்க" என்று. இந்த நிம்மதியைச் சந்தேகப்படுங்கள். மைக்கேல் ஜியாங்ரெக்கோ என்ற அமெரிக்கக் கல்வி ஆய்வாளரும் அவர் குழுவும் 1997-ல் வெளியிட்ட ஆய்வில் கண்டது இது: உதவியாளர் எப்போதும் ஒட்டியே இருக்கும்போது வகுப்பாசிரியர் அந்தப் பிள்ளையின் பொறுப்பை விட்டுவிடுகிறார், மற்ற பிள்ளைகள் நெருங்குவதில்லை, பிள்ளையும் பெரியவரையே எதிர்பார்க்கப் பழகிவிடுகிறது.

எனக்கு நேர்ந்ததையும் சொல்கிறேன். விரல் சரியாக மடங்காத ஒரு பையன் ஒரு வாக்கியத்தை எழுத நாலு நிமிஷம் எடுப்பான். பக்கத்தில் உட்கார்ந்த நான், பாவம் என்று, கடைசி இரண்டு வார்த்தையை எழுதிக் கொடுத்தேன். அவன் ஒன்றும் சொல்லவில்லை, ரப்பரை எடுத்து நான் எழுதியதை மட்டும் அழித்துவிட்டு, மறுபடி முதலிலிருந்து அந்த இரண்டு வார்த்தையை எழுத ஆரம்பித்தான். அதற்கப்புறம் நான் அவனைவிட்டு ஒரு பெஞ்சு தள்ளியே உட்கார்ந்தேன், வேண்டும் என்றால் கூப்பிடுவான்.

நீங்கள் பாடம் நடத்துகிற நாளில் உதவியாளரிடம் காலையில் ஐந்து நிமிஷம் பேசுங்கள். இன்றைய குறிக்கோள் இது, இந்தக் கேள்விக்கு நீங்கள் உதவ வேண்டாம், அந்த நேரத்தில் மற்ற பெஞ்சுகளைச் சுற்றி வாருங்கள் என்று. பணிவாகவே கேளுங்கள், அந்தப் பிள்ளையோடு அவருக்குப் பல வருஷப் பழக்கம் இருக்கும், நீங்கள் வந்து சில நாள்தான் ஆகிறது.

வழிகாட்டி, பெற்றோர், அந்தப் பிள்ளை

"அதெல்லாம் காலேஜ்ல சொல்லுவாங்க, இங்க நாற்பது பேரை வச்சுக்கிட்டு நடத்திப் பாருங்க" என்று ஸ்டாஃப் ரூமில் யாராவது சொல்வார்கள், நிச்சயம் சொல்வார்கள். வாதம் பண்ணாதீர்கள். அவர் சொல்வதில் பாதி உண்மை. "ஒரு பாடத்துக்கு மட்டும் காகிதப் பட்டை வைத்து முயன்று பார்க்கட்டுமா?" என்று சின்னதாக ஒன்று கேளுங்கள், அதற்கு மறுப்பு வருவது அபூர்வம். உங்கள் பாடத்தைக் கவனிக்க வருகிறவரிடம், "நான் எப்படி நடத்தினேன்?" என்று கேட்டால் "நல்லா இருந்துச்சு, குரல் இன்னும் வேணும்" என்றுதான் வரும். ஒரே ஒன்றை எண்ணச் சொல்லுங்கள். நான் யார் யாரைக் கேள்வி கேட்டேன், இருக்கை வரைபடத்தில் புள்ளி வையுங்கள் என்று ஒரு தாளைக் கையில் கொடுங்கள். என்னுடைய முதல் தாளில் புள்ளிகள் எல்லாம் நடு வரிசையில் குவிந்து கிடந்தன, ஜன்னலோரம் காலி.

பெற்றோரிடம் நீங்களாகப் போய், "உங்க பிள்ளைக்கு ஆட்டிசம் இருக்கும் போல", "டிஸ்லெக்ஸியா மாதிரி தெரியுது" என்று எந்தக் காரணத்துக்கும் சொல்லக் கூடாது. பெயர் வைக்கிற தகுதி நமக்கு இல்லை. அந்த ஒரு வார்த்தையோடு வீட்டுக்குப் போகிற அம்மாவுக்கு அன்றைய ராத்திரி எப்படி இருக்கும் என்று யோசியுங்கள். பார்த்ததை, நோட்டில் எழுதியதை, வழிகாட்டி ஆசிரியரிடம் சொல்லுங்கள், பெற்றோரிடம் பேசுவது அவர் வேலை.

பிள்ளையிடம் கேட்கத்தான் பலருக்குத் தோன்றுவதே இல்லை. வகுப்புக்கு முன்னால் நிறுத்தி வேண்டாம், தனியாக, போகிற போக்கில். "எங்க உட்கார்ந்தா உனக்கு நல்லாத் தெரியுது?" காதில் கருவி போட்ட அந்தப் பெண்ணிடம் இதைக் கேட்க எனக்கு மூன்று வாரம் ஆனது. முதல் பெஞ்சு வேண்டவே வேண்டாம் என்றாள். அங்கே உட்கார்ந்தால் பின்னால் யார் பேசுகிறார்கள் என்று தெரியாது, எல்லாரும் சிரித்து முடித்த பிறகுதான் திரும்பிப் பார்க்க வேண்டியிருக்கிறது. இரண்டாவது வரிசையில் ஓரமாக, வகுப்பும் தெரிய வேண்டும், ஆசிரியர் முகமும் தெரிய வேண்டும். இத்தனை வருஷமும் யாரோ நல்லெண்ணத்தோடு அவளை முதல் பெஞ்சில் வைத்திருக்கிறார்கள்.

கிளம்பும்போது

தினமும் ரெக்கார்டு நோட்டில் "பாடம் சிறப்பாக அமைந்தது" என்று எழுதி நாளைக் கடத்தாதீர்கள். யார் எந்த நிமிஷத்தில் நழுவினார்கள், அப்போது நான் என்ன செய்தேன், நாளைக்கு எதை ஒன்றை மாற்றுவேன், இந்த மூன்றுக்கும் மூன்று வரி போதும். சரிப்படாமல் போன பாடத்தையும் எழுதுங்கள், வழிகாட்டியோடு உட்கார்ந்து பேச அதில்தான் விஷயம் இருக்கும்.

கடைசி வாரம் வருவதற்கு முன்பே போகிற தேதியைப் பிள்ளைகளிடம் சொல்லிவிடுங்கள், மாறுதலைத் தாங்கச் சிரமப்படுகிற பிள்ளைக்குக் காலண்டரில் வட்டம் போட்டுக் காட்டுங்கள். எந்தப் பிள்ளைக்கு எது உதவியது, எது உதவவில்லை என்று ஒரே பக்கத்தில் எழுதி வழிகாட்டி ஆசிரியர் கையில் கொடுங்கள், அடுத்து வருகிற பயிற்சி ஆசிரியர் மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டாம். அப்புறம், குறியீடு போட்டு எழுதிய அந்தச் சின்ன நோட்டில் உள்ள இருக்கை வரைபடத்தைக் கிழித்துப் போட்டுவிட்டு வாருங்கள்.